தாளம் அறியும் தளம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பொத்தானை அழுத்துகிறோம், கருவி இயங்குகிறது. அஃது எவ்வாறு இயங்குகிறது என்று எண்ணுவதற்குள் அடுத்த கருவி நம் கைக்கு வந்துவிடுகிறது. இத்தகைய காலத்தில், தாம் விரும்பி ஆடிய விளையாட்டுப் பொறி தம் ஊரிலிருந்து மறைந்தபோது, மரப்பலகையும் உலோகத் தகடும் மின்கம்பியும் கொண்டு அதனைத் தம் வீட்டிலேயே உருவாக்கிக்கொண்டவர்கள் உண்டு. ஒரு நடன விளையாட்டுப் பொறியைச் செய்யும் முயற்சியில் இசையும் இயற்பியலும் மின்னணுவியலும் கணினியியலும் எவ்வாறு ஒன்றுகூடுகின்றன என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஆடுபவரும் செய்பவரும்

விளையாடுபவர் வேறு, விளையாட்டுக் கருவியைச் செய்பவர் வேறு என்னும் பிரிவு அண்மைக்காலத்தது. பட்டம் விட்டவர்களே மூங்கிலைச் சீவிப் பட்டம் கட்டினர். பம்பரம் சுழற்றியவர்களே அதன் ஆணியைச் சீர்செய்தனர். பட்டத்தின் வால் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், பம்பரத்தின் ஆணி எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்னும் அறிவு ஆட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. மின்னணு விளையாட்டுகள் பரவியபின் இவ்வுறவு தளர்ந்தது. மூடப்பட்ட பெட்டிக்குள் நிகழ்வது என்னவென்று அறியாமலே மணிக்கணக்கில் ஆட முடிகிறது. பெட்டி பழுதானால் தூக்கி எறிகிறோம், புதியதை வாங்குகிறோம்.

இவ்வழக்கத்திற்கு மாறான ஒரு முயற்சியை உலகின் பல நாடுகளில் நடன விளையாட்டு ஆர்வலர்கள் மேற்கொண்டனர். அதனை அறிய, முதலில் அவ்விளையாட்டை அறிய வேண்டும்.

கால்களால் ஆடும் கணினி விளையாட்டு

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1997ஆம் ஆண்டில் 'பீட்மேனியா' என்னும் இசை விளையாட்டைப் பொது விளையாட்டுக்கூடங்களுக்கென வெளியிட்டது. அது கைகளால் ஆடப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, கால்களால் ஆடும் 'டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்' வெளிவந்தது. ஐரோப்பாவில் இது 'டான்சிங் ஸ்டேஜ்' என்ற பெயரில் அறிமுகமானது. 1999இல் தென்கொரியாவின் அண்டாமிரோ நிறுவனம் 'பம்ப் இட் அப்' என்னும் ஐந்து கட்ட நடன விளையாட்டை உருவாக்கியது.

விளையாட்டின் முறை எளியது. ஆடுபவர் ஒரு மேடைமீது நிற்கிறார். அவரைச் சுற்றி இடம், கீழ், மேல், வலம் என நான்கு அம்புக்கட்டங்கள் உள்ளன. பாடல் ஒலிக்கும்போது, எதிரிலுள்ள திரையில் அம்புகள் அடியிலிருந்து மேல்நோக்கி நகர்கின்றன. திரையின் உச்சியில் நிலையாக நிற்கும் அம்பு வடிவத்தின்மீது நகரும் அம்பு பொருந்தும் அக்கணத்தில், அதற்குரிய கட்டத்தைக் காலால் மிதிக்க வேண்டும். மிதி தாளத்தோடு எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறதோ அவ்வளவு மதிப்பெண். தொடர்ந்து தவறினால் ஆட்டம் பாதியிலேயே முடிந்துவிடும்.

கணினி விளையாட்டு என்றாலே உட்கார்ந்த இடத்தில் விரலை மட்டும் அசைப்பது என்றிருந்த எண்ணத்தை இது மாற்றியது. ஆடுபவர் வியர்க்க வேண்டும். மூச்சு வாங்க வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம், தன் பொதுப்பள்ளிகள் 765இலும் இவ்விளையாட்டை உடற்பயிற்சிக்காக அறிமுகப்படுத்தும் திட்டத்தை 2006இல் அறிவித்தமை இங்கு நினைக்கத்தக்கது.

தெரியுமா?
கால்களால் மிதித்து ஆடும் விளையாட்டு விரிப்பு 1998க்கு முன்பே தோன்றிவிட்டது. ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே 'ஃபேமிலி ட்ரெய்னர்' என்னும் விரிப்பை வெளியிட்டது. ஓடுதல், தாண்டுதல் போன்ற தடகள விளையாட்டுகளை அதன்மீது நின்று ஆடினர். பிற்கால நடன விளையாட்டோ தாளத்தையே மையமாகக் கொண்டது.

கூடத்திலிருந்து வீட்டிற்கு

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவிகளின் ஆற்றல் வளர வளர, அமெரிக்கா போன்ற நாடுகளில் காசு போட்டு ஆடும் விளையாட்டுக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சிய கூடங்களிலும் நடனப் பொறிகளைப் பேணுவது கடினமாயிற்று. நாள்தோறும் பலர் குதித்து மிதிக்கும் பொறி அது. உணரிகள் தேயும், கட்டங்கள் தளரும். சீர்செய்யும் ஆளில்லாத கூடங்களில், வல அம்பை மிதித்தாலும் வேலை செய்யாத பொறிகள் நின்றன.

வீட்டில் ஆடுவோர்க்கென மென்மையான நெகிழி விரிப்புகள் விற்கப்பட்டன. அவை விலை குறைந்தவை. ஆனால், வேகமாக ஆடும்போது தரையில் வழுக்கி நகரும். மடித்து வைத்தால் உள்ளிருக்கும் மின்கடத்து படலம் முறியும். கால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை உள்ளங்கால் உணர்வதற்கு ஏற்ற விளிம்பும் அவற்றில் இல்லை. கூடத்துப் பொறியையே விலைக்கு வாங்குவதோ பெரும்பாலோர்க்கு இயலாத செயல்; அதன் எடையும் பருமனும் வீட்டிற்குள் அடங்கா.

ஆர்வலர்களுக்கு எஞ்சிய வழி ஒன்றுதான்: தாமே செய்துகொள்வது. ஒருவர் செய்த அளவுகளையும் வரைபடங்களையும் அடுத்தவர்க்கு வழங்கினார். அவர் அதிலுள்ள குறையை நீக்கி மூன்றாமவர்க்குக் கொடுத்தார். இவ்வாறு ஓர் அறிவுமரபு உருவாயிற்று.

பொறியின் உறுப்புகள்

வீட்டில் செய்யும் நடனப் பொறிக்கு ஐந்து உறுப்புகள் தேவை. கால்படும் மிதிதளம், மிதியை மின்குறிப்பாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் நுண்கட்டுப்படுத்திப் பலகை, விளையாட்டு மென்பொருள் இயங்கும் கணினி, திரையும் ஒலிபெருக்கியும், இவற்றைத் தாங்கும் மரப்பெட்டி ஆகியன அவை. இவற்றுள் திரை, ஒலிபெருக்கி, கணினி ஆகியவற்றைப் பழைய பொருள்களிலிருந்தே பெறலாம். இவ்விளையாட்டிற்கு மிகுந்த ஆற்றலுடைய கணினி வேண்டுவதில்லை. கழித்துவிடப்பட்ட கணினியே போதும். செய்பவரின் திறன் முழுமையாகச் சோதிக்கப்படும் இடம் மிதிதளமே.

மிதிதளம் அமைத்தல்

மிதிதளம் வரிசைக்கு மூன்றாக ஒன்பது சதுரங்கள் கொண்டது. ஒவ்வொரு சதுரமும் ஏறத்தாழ 28 செ.மீ. பக்கமுடையது, ஆகவே தளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 84 செ.மீ. ஆகும். நடுச்சதுரமும் நான்கு மூலைச்சதுரங்களும் அசையாதவை. எஞ்சிய நான்குமே அம்புக்கட்டங்கள்.

அடித்தளத்திற்குத் தடித்த ஒட்டுப்பலகை ஏற்றது. குதித்து இறங்கும்போது மேடையின்மீது விழும் விசை ஆடுபவரின் எடையைவிடப் பன்மடங்காகும். எனவே, பலகையின் அடியில் குறுக்குச் சட்டங்கள் இட்டு வலுவூட்டுவர். மேடை வளைந்துகொடுத்தால், ஒரு கட்டத்தை மிதிக்கும்போது அடுத்த கட்டமும் அழுந்தி, மிதிக்காத அம்பு மிதித்ததாகப் பதிவாகும்.

கட்டத்தின் மேற்பரப்பாக ஒளி ஊடுருவும் தகட்டைப் பொருத்துவர். அக்ரிலிக் தகடு விலை குறைந்தது. ஆயினும் தொடர்ந்த அதிர்ச்சியில் விரிசல் விடும். பாலிகார்பனேட் தகடு அதிர்ச்சியை ஏற்கும் தன்மையுடையது. தகட்டின் அடியில் அம்பின் படத்தை ஒட்டி, அதற்கும் கீழே சிறு ஒளிவிளக்குகளை அமைத்தால் கூடத்துப் பொறியின் தோற்றம் கிடைக்கும்.

மிதியை உணரும் அமைப்பே தளத்தின் உயிர். எளிய முறையில், இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவற்றின் விளிம்புகளுக்கிடையே நுரைப்பட்டையை ஒட்டுவர். மிதிக்கும்போது நுரை அழுந்தும்; தகடுகள் தொடும்; மின்சுற்று நிறைவுறும். காலை எடுத்தவுடன் நுரை விரியும், சுற்று முறியும். இங்கு நுரையின் தடிமன் நுட்பமானது. அது மிகத் தடித்தால் ஒவ்வொரு முறையும் ஓங்கி மிதிக்க நேரும். கால்கள் விரைவில் சோரும். மிக மெலிந்தால் மிதிக்காதபோதும் தகடுகள் தொட்டுக்கொண்டே இருக்கும். ஏற்ற தடிமனை எந்த நூலும் முடிவாகச் சொல்லிவிடாது. பட்டையை ஒட்டுவதும், ஆடிப்பார்ப்பதும், பிரிப்பதும், மீண்டும் ஒட்டுவதுமாகவே அதைக் கண்டடைய வேண்டும்.

பின்னர் வந்தவர்கள் விசையுணர் மின்தடையைப் பயன்படுத்தினர். அதன்மீது விசை கூடக்கூட அதன் மின்தடை குறையும். ஆகவே, 'மிதித்தது, மிதிக்கவில்லை' என்னும் இரண்டு நிலைகளுக்கிடையே 'எவ்வளவு மிதித்தது' என்பதையும் அளக்கலாம். பத்து இரும எண் துல்லியமுடைய நுண்கட்டுப்படுத்தி அவ்விசையை 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாகக் காட்டும். எந்த எண்ணைத் தாண்டினால் மிதியாகக் கொள்ள வேண்டும் என்பதை ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனியே வரையறுக்கலாம். எடை குறைந்த சிறுவர்க்கு ஓர் அளவு, பெரியவர்க்கு ஓர் அளவு என மாற்றியமைப்பதும் எளிது. முன்பு நுரையைப் பிரித்து ஒட்டிச் செய்த வேலையை இப்போது ஓர் எண்ணை மாற்றுவதால் செய்ய முடிகிறது.

மிதியைச் செய்தியாக்கல்

மிதிதளத்திலிருந்து வரும் மின்குறிப்பைக் கணினி தானாகப் புரிந்துகொள்ளாது. தொடக்ககாலத்தில் ஆர்வலர்கள் பழைய விசைப்பலகையைப் பிரித்து, அதனுள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையோடு மிதிதளத்தின் கம்பிகளை இணைத்தனர். வல அம்பை மிதித்தால், விசைப்பலகையில் ஓர் எழுத்தை அழுத்தியதாகவே கணினி கொள்ளும்.

சிலர் கைவிளையாட்டுக் கருவியின் திசைப்பொத்தான் சுற்றைப் பயன்படுத்தினர். அங்கே எதிர்பாராத சிக்கல் எழுந்தது. கைக்கருவியில் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டிய தேவை எழுவதில்லை. ஆகவே, சில இணைப்புக் கருவிகள் இடத்தையும் வலத்தையும் ஒரே அச்சின் இரு முனைகளாகக் கொண்டன. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று கழித்துச் சுழியமாகக் காட்டின. நடனத்திலோ இரு கால்களையும் அகட்டி இடத்தையும் வலத்தையும் ஒருசேர மிதிக்கும் தாவல் அடிக்கடி வரும். ஆடுபவர் சரியாகத் தாவியும் பொறி அதனைக் காணாது. கைக்கென வகுத்த விதி காலுக்குப் பொருந்தாமற்போனதற்கு இஃது எடுத்துக்காட்டு. ஒவ்வொரு அம்பையும் தனிப்பொத்தானாக இணைத்து இக்குறையைக் களைந்தனர்.

இன்று அர்டுயினோ லியனார்டோ போன்ற சிறிய நுண்கட்டுப்படுத்திப் பலகைகள் இப்பணியைச் செய்கின்றன. இவை யு.எஸ்.பி. வழியே கணினியோடு இணைந்து, தம்மை ஒரு விசைப்பலகையாகவே அறிமுகப்படுத்திக்கொள்ளும் திறனுடையவை.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது உடனே அமைதியாக ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் விழுந்த பந்து சிலமுறை துள்ளி அடங்குவதுபோல, அவை சில மில்லிநொடிகளுக்குத் தொட்டும் விலகியும் துடிக்கின்றன. ஒருமுறை மிதித்ததைப் பலமுறை மிதித்ததாகக் கணினி எண்ணிவிடும். துடிப்பு அடங்கும்வரை காத்திருந்து பதிவுசெய்தால் மிதி தாமதமாகும். முதல் தொடுகையை உடனே பதிவுசெய்துவிட்டு, அதன்பின் சில மில்லிநொடிகளுக்கு வரும் மாற்றங்களைப் பொருட்படுத்தாமல் விடுவதே சிறந்த தீர்வு. இதற்கு நிரலில் சில வரிகளே தேவை.

நொடியை ஆயிரமாய்ப் பகுத்தல்

கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் மாத்திரையின் அளவாகத் தமிழிலக்கணம் வகுத்துள்ளமையை நாம் அறிவோம். நடன விளையாட்டு அதனினும் நுண்ணிய பொழுதை அளக்கிறது.

'ஸ்டெப்மேனியா' என்பது ஆர்வலர்களால் உருவாக்கப்பட்ட திறந்தமூல நடன விளையாட்டு மென்பொருள். வீட்டில் பொறி செய்வோர் பெரும்பாலும் இதனையே பயன்படுத்துகின்றனர். அதன் இயல்பான அமைப்பில், தாளத்தின் உரிய கணத்திற்கு முன்னோ பின்னோ 22.5 மில்லிநொடிக்குள் மிதித்தால் மிக உயர்ந்த மதிப்பு. 45க்குள் மிதித்தால் அடுத்த மதிப்பு. பிறகு 90, 135, 180 எனப் படிகள் இறங்குகின்றன. ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணிமைக்கும் நேரமே நூறு மில்லிநொடிக்குக் குறையாது என்பதை எண்ணினால் இவ்வளவின் நுண்மை விளங்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நிமிடத்திற்கு 150 தாள அடிகள் உள்ள பாடலில், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 400 மில்லிநொடி. அதனை நான்காகப் பகுத்து மிதிக்க வேண்டுமெனில், ஒவ்வொரு மிதிக்கும் 100 மில்லிநொடியே கிடைக்கும். அதாவது ஒரு நொடிக்குப் பத்து மிதிகள். இவ்வேகத்தில், பொறியே 30 மில்லிநொடி தாமதித்தால் ஆடுபவரின் திறமை முழுவதும் வீணாகும்.

தாமதம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது? நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடைவெளி 16.7 மில்லிநொடி. சில தொலைக்காட்சிகள் படத்தை மெருகூட்டுவதற்கென மேலும் தாமதிக்கின்றன. கம்பியில்லாமல் இணையும் ப்ளூடூத் ஒலிபெருக்கிகள் பல நேரங்களில் நூறு மில்லிநொடிக்கும் மேலாக ஒலியைப் பிந்தச் செய்கின்றன. ஒலியே காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. இவற்றையெல்லாம் அளந்து, ஒலியும் படமும் மிதியும் ஒரே கணத்தில் கூடுமாறு மென்பொருளில் ஈடுசெய்ய வேண்டும். வகுப்பில் வாய்பாடாகக் கற்ற ஒலியின் வேகம், இங்கே காலடியில் உணரும் உண்மையாகிறது.

தாளத்தை எழுதுதல்

பொறி ஆயத்தமானபின், பாடலுக்கேற்ற அம்புகளை அமைக்க வேண்டும். ஸ்டெப்மேனியாவில் இவ்வமைப்பு எவரும் திறந்து படிக்கத்தக்க எளிய எழுத்துக்கோப்பாக உள்ளது. ஒரு வரியில் நான்கு இலக்கங்கள். அவை முறையே இடம், கீழ், மேல், வலம் ஆகிய அம்புகளைக் குறிக்கும். 0 என்றால் அம்பு இல்லை. 1 என்றால் மிதிக்க வேண்டும்.

1000
0100
0010
0001

இந்நான்கு வரிகளும் சேர்ந்து நான்கு தாள அடிகள் கொண்ட ஒரு தாளவட்டம் ஆகும். முதலடியில் இடம், இரண்டாமடியில் கீழ், மூன்றாமடியில் மேல், நான்காமடியில் வலம் என இதனைப் படிக்க வேண்டும். அதே வட்டத்தை எட்டு வரிகளாக எழுதினால் ஒவ்வொரு வரியும் அரையடியாகும். பதினாறு வரிகளானால் காலடியாகும். 1001 என்னும் வரி, இடத்தையும் வலத்தையும் ஒருசேர மிதிக்கும் தாவலைக் குறிக்கும். காலை எடுக்காமல் ஊன்றி நிற்க வேண்டிய இடத்தின் தொடக்கத்தை 2 என்றும் முடிவை 3 என்றும் எழுதுவர். பாவின் அடியைச் சீராகவும் அசையாகவும் பகுத்து அலகிடக் கற்ற மாணவர்க்கு இப்பகுப்பு அயலானதன்று.

அம்புகளைத் தோன்றியவாறு அடுக்கினால் நடனம் ஆகாது. எழுதுபவர் ஆடுபவரின் உடலை மனத்தில் கொள்ள வேண்டும். கால்கள் மாறி மாறி மிதிப்பதே இயல்பு. இடக்காலால் இட அம்பையும், வலக்காலால் கீழ் அம்பையும் மிதித்தபின் வல அம்பு வந்தால், அதனை இடக்கால்தான் மிதிக்க வேண்டும். அப்போது ஒரு கால் மற்றொன்றைக் கடந்து செல்ல, உடல் முழுவதும் வலப்புறம் திரும்புகிறது. மூன்று வரி இலக்கங்கள் ஒரு மனித உடலைச் சுழலச் செய்கின்றன. பாடலின் எழுச்சிக்கும் தணிவுக்கும் ஏற்ப இச்சுழற்சிகளை அமைப்பவரே சிறந்த நடன எழுத்தாளர் ஆகிறார்.

தெரிந்து தெளிவோம்
திறந்தமூல மென்பொருள் என்பது, தன் நிரல்வரிகளை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமம் அளிக்கும் மென்பொருளாகும். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் யாவும் திறந்தமூலம் ஆகா. விலையின்மை வேறு, திறந்து பார்க்கும் உரிமை வேறு.

பெட்டியும் பாதுகாப்பும்

திரையையும் ஒலிபெருக்கியையும் தாங்கும் மரப்பெட்டியைச் செய்யும்போது அழகைவிடப் பாதுகாப்பே முதன்மை பெற வேண்டும். மிதிதளத்தில் பாயும் மின்னழுத்தம் 5 வோல்ட் அளவில் இருப்பதால் அதனால் தீங்கில்லை. ஆனால், கணினிக்கும் திரைக்கும் வரும் வீட்டு மின்னிணைப்பு உயிருக்கு ஆபத்து விளைவிக்கவல்லது. அப்பகுதியைத் தேர்ந்த மின்பணியாளர் துணையின்றித் தொடுதல் கூடாது. பழைய படக்குழாய்த் திரையின் உட்பகுதியில், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும். அதன் மூடியைத் திறக்கவே கூடாது.

பின்புறத்தில் பொருத்தும் பிடிகம்பி மேடையின் சட்டத்தோடு உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும். ஆடுபவர் சாயும்போது அதுவே தாங்குகிறது. மேடையின் அடியில் தடித்த இரப்பர் விரிப்பு இட்டால் வழுக்காது. மாடிவீடாயின் கீழ்வீட்டாரின் உறக்கமும் கெடாது. தன் மகிழ்ச்சி பிறர்க்கு இடையூறாகாமல் காப்பதும் செய்பவரின் கடமையே.

பழுதில் பிறக்கும் அறிவு

செய்த பொறி ஒருநாள் நிற்கும். மேல் அம்பு மட்டும் பதிவாகவில்லை என்று கொள்வோம். குறை தகட்டிலா, கம்பியிலா, நுண்கட்டுப்படுத்தியிலா, மென்பொருளிலா? கம்பியைத் தொட்டுச் சோதிக்கும் மல்டிமீட்டர் ஒரு வழி காட்டும். மேல் அம்பின் கம்பியையும் கீழ் அம்பின் கம்பியையும் இடம் மாற்றி இணைத்துப் பார்ப்பது மற்றொரு வழி. மேல் அம்பை மிதிக்கும்போது கீழ் அம்பு பதிவாகிறது என்றால் தகடும் கம்பியும் நலமே; குறை அதற்கப்பால் உள்ளது. ஐயங்களை ஒவ்வொன்றாக விலக்கி உண்மையை அணுகும் இம்முறையே அறிவியலின் அடிப்படை. மருத்துவர் நோயை அறிவதும் பொறியாளர் பாலத்தை ஆராய்வதும் இவ்வாறே.

விலைக்கு வாங்கிய விரிப்பு பழுதானால் இக்கேள்விகளை எழுப்பவே வழியில்லை. அதன் தையலைப் பிரித்தால் மீண்டும் சேர்க்க இயலாது. தாமே செய்த மிதிதளமோ நான்கு திருகாணிகளைக் கழற்றினால் தன் உள்ளத்தைக் காட்டிவிடும்.

விளையாட்டு யாருடையது?

2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்சர் கேம்ஸ் நிறுவனம் 'இன் தி க்ரூவ்' என்னும் நடன விளையாட்டை வெளியிட்டது. அதன் அடிப்படையாக அமைந்தது ஆர்வலர்கள் உருவாக்கிய ஸ்டெப்மேனியா மென்பொருள். 2005இல் கொனாமி நிறுவனம் அதன்மீது வழக்குத் தொடுத்தது. 2006இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. 'இன் தி க்ரூவ்' விளையாட்டின் உரிமைகள் கொனாமியைச் சேர்ந்தன.

இவ்வழக்கு ஓர் அடிப்படை வினாவை எழுப்புகிறது. முதலில் கற்பனை செய்து, பொருட்செலவில் உருவாக்கியவர்க்கு அதன்மீது உரிமை உண்டு என்பதை மறுக்க இயலாது. பாடலுக்கும் அவ்வாறே, இசையமைத்தவரின் இசைவின்றி அவர் பாடலைப் பரப்புதல் அறமாகாது. வீட்டில் பொறி செய்பவர் இவ்வெல்லையை மதிக்க வேண்டும். அதே நேரத்தில், தாளத்திற்கேற்பக் கால்வைக்கும் இன்பத்தை எந்த நிறுவனமும் உரிமையாக்கிக்கொள்ள முடியாது. 'இன் தி க்ரூவ்' கைமாறியது. திறந்தமூலமாக இருந்த ஸ்டெப்மேனியாவோ நிற்கவில்லை. அதிலிருந்து 'ஐ.டி.ஜி.மேனியா' போன்ற கிளைகள் தோன்றின. அவற்றை நம்பிப் புதிய மிதிதளங்கள் இன்றும் உருவாகின்றன. ஒரு பொருள் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் கைவிடும்போது அது மறையும்; அதனைச் செய்யும் அறிவு பலரிடம் இருந்தால் அது நிலைக்கும்.

நடனப் பொறி செய்வதால் வாழ்க்கையின் பெரிய தேவை எதுவும் நிறைவேறிவிடுவதில்லை. எனினும், அதனைச் செய்து முடித்தவர் பிற கருவிகளையும் முன்போல் பார்ப்பதில்லை. மூடிய பெட்டி ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எண்ணி, அளந்து, தவறித் திருத்திச் செய்தது என்பதை அவர் அறிவார். திறந்து பார்க்கலாம், புரிந்துகொள்ளலாம், சீர்செய்யலாம் என்னும் துணிவு அவருக்குப் பிறக்கிறது. கருவிகளைப் பயன்படுத்துவோராக மட்டுமே வளரும் ஒரு தலைமுறை, பிறர் செய்து தருவதையே எதிர்பார்த்து நிற்கும். அவற்றின் உள்ளே நிகழ்வதைக் கேட்கப் பழகிய தலைமுறை, தனக்கு வேண்டியதைத் தானே படைத்துக்கொள்ளும்.

கலைச்சொல் அறிவோம்

உணரி – சென்சார்
நுண்கட்டுப்படுத்தி – மைக்ரோகன்ட்ரோலர்
விசையுணர் மின்தடை – ஃபோர்ஸ் சென்சிங் ரெசிஸ்டர்
ஒட்டுப்பலகை – பிளைவுட்
திறந்தமூலம் – ஓப்பன் சோர்ஸ்
படக்குழாய் – பிக்சர் டியூப்

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் பழுதடைந்து ஒதுக்கிவைக்கப்பட்ட பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது இயங்காமைக்கான காரணங்களாக நீங்கள் கருதுவனவற்றையும் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முறையையும் எழுதுக. (மின்கருவியாயின் பெரியவர் துணையின்றித் திறத்தல் கூடாது.)

2. நீங்கள் விரும்பும் நாட்டுப்புறப் பாடலின் முதல் நான்கு தாளவட்டங்களுக்கு, பாடத்தில் காட்டிய இலக்க முறையில் நடன அடிகளை எழுதி, தரையில் கட்டங்கள் வரைந்து வகுப்பில் ஆடிக் காட்டுக.

3. 'படைத்தவரின் உரிமையும் பயன்படுத்துவோரின் உரிமையும்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நிமிடத்திற்கு 120 தாள அடிகள் கொண்ட பாடலில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள இடைவெளி
அ) 120 மில்லிநொடி
ஆ) 400 மில்லிநொடி
இ) 500 மில்லிநொடி
ஈ) 600 மில்லிநொடி

2. விசையுணர் மின்தடையின்மீது விசை கூடும்போது அதன் மின்தடை
அ) கூடும்
ஆ) குறையும்
இ) மாறாது
ஈ) சுழியமாகவே இருக்கும்

குறுவினா

1. மிதிதளத்தின் நுரைப்பட்டை மிகத் தடித்திருந்தாலும் மிக மெலிந்திருந்தாலும் நேரும் குறைகள் யாவை?
2. 0110 என்னும் வரி எவ்வகை அசைவைக் குறிக்கிறது?

சிறுவினா

1. 'கைக்கென வகுத்த விதி காலுக்குப் பொருந்தாமற்போனது' – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. உலோகத் தகடுகளின் துடிப்பால் எழும் சிக்கலையும் அதன் தீர்வையும் விளக்குக.

நெடுவினா

'ஒரு பொருள் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் கைவிடும்போது அது மறையும்; அதனைச் செய்யும் அறிவு பலரிடம் இருந்தால் அது நிலைக்கும்' – இக்கூற்றை நடன விளையாட்டுப் பொறியின் வரலாற்றைக் கொண்டும், உங்கள் ஊரில் மறைந்துவரும் கைத்தொழில் ஒன்றைக் கொண்டும் நிறுவுக.